‘ண’ போட்ட மன்னிப்பு

ஜூன் 9

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கட்டில் மேல்தட்டா, கீழ்த்தட்டா?

அப்பா வழக்கம்போல ஊரில் உள்ள லிஃப்டுகளை எல்லாம் பழுது பார்த்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் படியேறி மூச்சு வாங்க வருகிறார். அம்மாவுக்குத் தொண்டை லேசாகக் கட்டியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. எனக்கு ஜெராக்ஸ் கடையில் நிற்க நேரமில்லை. எண்ண செய்வது, ஊரில் எல்லாருக்கும் எல்லாம் இரண்டு பிரதி வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். செருப்பு அலமாரிக்குப் பின்னால் பெருக்கும்போது அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் டப்பா பச்சை விளக்கோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. போன வருஷமே தூக்கிப் போட்டாயிற்று என்றல்லவா நினைத்தேன்? மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். ‘காப்பி, ஏப்ரல் 12’ என்று ஒரே ஒரு கோப்பு. பூட்டியிருக்கிறது. கடவுச்சொல் கேட்கிறது. உள்ளே எண்ண இருக்கிறது என்றெல்லாம் எனக்கு ஆர்வம் இல்லை. சும்மா இடத்தை அடைக்கிறதே என்றுதான். சொல்லை மட்டும் எழுதி அனுப்பு. அவசரமே இல்லை. இந்த வாரத் தபாலில் போட்டால் போதும்.

உன் பாசமுள்ள,
அண்ணன்

———

ஜூன் 17

உயர்திரு அண்ணா அவர்களுக்கு,

நாடு கடத்தப்பட்ட எலி எழுதுவது. நான் நலம். உன் நலம் அறிய எனக்கு ஆவல் இல்லை. ஆனால் அப்படி விசாரிக்காத கடிதத்தை வார்டன் தபாலில் சேர்க்க மாட்டாராம். ஆகவே: நலமா?

கட்டில் மேல்தட்டு. என் போன் வார்டனின் இரும்பு அலமாரியில் ஓய்வெடுக்கிறது. கணினி அறையில் இணையம் கிடையாது. அதனால்தான் மை, காகிதம், நாக்கால் ஒட்டும் உறை. பசை கசக்கிறது. உன்னை நினைத்துக்கொண்டு ஒட்டுவதால் பொருத்தமாக இருக்கிறது.

முதலில் உன் எழுத்து. ‘எண்ண’ என்றால் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கு. நீ எழுத நினைத்தது ‘என்ன’. இருபத்திரண்டு வயதாகிறது, ஊராரின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறாய், இன்னும் ன வர வேண்டிய இடத்தில் அடிக்கடி ண போடுகிறாய். மூன்று சுழி ண உனக்குச் சரியாக வரும் ஒரே இடம் ‘அண்ணன்’. அங்கேயும் எழுத்துதான் சரி, ஆள் தப்பு.

இடத்தை அடைக்கிறதாம்! மறந்துவிட்டதென்றால் நான் சொல்கிறேன். ஏப்ரல் 13, ஞாயிறு. அப்பா ‘கொட்டகை’ என்று பெயர் வைத்த நம் வீட்டு மீடியா சர்வர். அதன் பெரிய டப்பாவில் பதினோரு வருஷத்துப் படங்கள், பாட்டுகள். அதோடு, அம்மா துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பார்வையற்றோர் நூலகத்துக்காக வாசித்துப் பதிவு செய்த பதினான்கு புத்தகங்கள். இருமல் வரும் இடங்களை வெட்டி நூலகத்துக்கு அனுப்புவது உன் பொறுப்பு. இரண்டு வருஷமாக ‘நாளைக்கு’ என்றாய்.

நீ ஒரு புது டப்பா வாங்கி வந்தாய். பெரிய டப்பாவில் இருப்பதை அதற்கு மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தாய். காலி டப்பாவைப் பார்த்து நிறைந்த டப்பாவை அதே மாதிரி ஆக்கு என்று திசை மாற்றிச் சொன்னாய். கணினி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஆக்கிவிட்டது.

அம்மா, “யார்டா இது?” என்று கேட்டபோது உன் வாயிலிருந்து வந்தது என்ன? “எலி ஏதாச்சும் விளையாடியிருக்கும்மா.” அதற்கு முந்தின மாதம்தான் அப்பாவின் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும் ‘வீட்டுப்பாடம் 1’ முதல் ‘வீட்டுப்பாடம் 312’ வரை பெயர் மாற்றி வைத்திருந்தேன். யார் என்னை நம்புவார்கள்? மூன்றே வாரத்தில் பெட்டியும் நானும் இங்கே.

ஆனால் குறும்புக்காரர்களுக்கு ஒரு தர்மம் உண்டு: கை வைக்கும் முன் காப்பி எடு. சிரித்து முடித்ததும் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி ஒரு புதுக் குறும்புக்காகக் காப்பி எடுத்தேன். “காப்பி எடுக்கறேம்மா” என்றதும் அம்மா, “எனக்கும் அரை டம்ளர்” என்றாள், ஞாபகமா? அந்தக் காப்பிதான் செருப்புக்குப் பின்னால் முணுமுணுக்கிறது. அன்றே எடுத்துக் காட்டியிருந்தால், “பாத்தீங்களா, அழிச்சுட்டு ஒளிச்சு வெச்சிருக்கா” என்றிருப்பாய். அதனால் வாயை மூடிக்கொண்டு பெட்டி கட்டினேன்.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. அப்பா அம்மாவிடம் உண்மையைச் சொல். சொன்னாய் என்று அப்பா எனக்கு எழுத வேண்டும். அதுவரை கடவுச்சொல்லைக் கடவுளிடம் கேள்.

சின்னக் குறிப்பு தருகிறேன்: அது நீ எனக்கு எழுதிய ஒரு வரி. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எழுதினாய். இன்னொன்று: பத்துத் தடவை தப்பாக அடித்தால் கோப்பு தானே அழிந்துவிடும். பார்த்து அடி.

பழிவாங்கும் பணியில்,
எலி

———

ஜூன் 28

எலிக்கு,

நலம். நீயும் நலம் என்று உன் கடிதத்தின் காரத்திலிருந்தே தெரிகிறது.

நான்தான் அழித்தேன் என்று நீ எப்படிச் சொல்லலாம்? அது கருவியின் கோளாறாகக்கூட இருக்கலாம். நான் ‘இருக்கும்’ என்றுதான் சொண்ணேன், ‘எலிதான்’ என்று சொல்லவில்லை.

‘அன்புத் தங்கைக்கு’ அடித்தேன். ‘பிறந்தநாள் வாழ்த்து’ அடித்தேன். ‘என் பேனாவைத் திருப்பிக் கொடு’ அடித்தேன். ‘கதவைச் சாத்து’ அடித்தேன். நான்கு போய்விட்டது. நான் உனக்கு வேறு எண்ணதான் எழுதியிருக்கிறேன்?

விளையாட்டை விடு. நூலகத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் பதினான்கு புத்தகமும் வரவில்லை என்றால் வேறு யாரையாவது வாசிக்க வைத்துக்கொள்வார்களாம். அம்மா மறுபடி வாசிக்கலாம்தான். ஆனால் இப்போதைக்கு முடியாது. ஏன் என்று கேட்காதே.

அப்பா முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை எலி. நீ ஏற்கெனவே போயாச்சு. இப்போது நான் சொல்லி எண்ண ஆகப்போகிறது?

அண்ணன்

———

ஜூலை 6

அண்ணாவுக்கு,

நலம், நலம், இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நீ வைத்துக்கொள்.

‘நீ ஏற்கெனவே போயாச்சு.’ இந்த வரியைக் கத்தரித்து என் கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். படிக்கத் தூக்கம் வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். உடனே தெளிந்துவிடும். வகுப்பில் மூன்றாவது இடம் வந்திருக்கிறேன். உன் துரோகத்துக்கு நன்றி.

ஊருக்கெல்லாம் நகல் எடுக்கிறவன் வீட்டுக்கு ஒரு நகல் எடுக்கவில்லை. கடை வாசலில் நீ அடித்து ஒட்டிய பலகை இன்னும் தொங்குகிறதா, ‘உடணடி சேவை’ என்று? தெருவே மூன்று சுழியில் சிரித்ததே.

ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. அம்மாவுக்கு வேலை அதிகமாக இருக்கும். ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் நாள் முழுக்க நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு வந்து யாருக்கு வாசிக்கத் தோன்றும்? செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது. எனக்கு அவசரமில்லை. உன் நெஞ்சில் யாரோ லிஃப்ட் கதவைத் திறந்து திறந்து மூடுவது மாதிரி இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

மிச்சம் ஆறு தடவை.

எலி

———

ஆகஸ்ட் 2

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நலம், நலமறிய அவா.

உன் அண்ணன் எங்களிடம் எல்லா உண்மைகளையும் சொல்லிவிட்டான். மிகவும் நல்ல பையன். அவன் கண்ணீர் விட்டதைக் கண்டு எங்கள் நெஞ்சம் உருகியது. ஆகவே நீ அவனைப் பெரிய மனதுடன் மண்ணித்து, கடவுச்சொல்லை அவனுக்கே நேரடியாக அனுப்பி வைக்கவும். எனக்கு அனுப்ப வேண்டாம். எனக்கு வேலை அதிகம்.

இப்படிக்கு,
அப்பா
(கையொப்பம்)

———

ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு (லிஃப்ட் பட்டறை முகவரிக்கே அனுப்புகிறேன், வீட்டுக்கு அல்ல),

நீங்கள் போட்ட ஏழு கடிதங்களுக்கும் பதில் போடாத மகள் எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

இத்துடன் நீங்கள் எனக்கு எழுதிய எட்டாவது கடிதத்தை வைத்திருக்கிறேன். தட்டச்சில் வந்திருக்கிறது. நீங்கள் எப்போதும் பட்டறை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால்தான் எழுதுவீர்கள். கையெழுத்து உங்களுடையதுதான். விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் இருக்கிற அதே கையெழுத்து. அங்கே பேனா கசிந்த அதே இடத்தில் இங்கேயும் ஒரு புள்ளி. விரலால் தேய்த்தால் ஜெராக்ஸ் பொடி வருகிறது.

ஒரே ஒரு சந்தேகம் அப்பா. எப்போதிலிருந்து மன்னிப்புக்கு மூன்று சுழி போட ஆரம்பித்தீர்கள்?

எலி

———

ஆகஸ்ட் 9

அன்பே உருவான அண்ணாவுக்கு,

நலம். அப்பாவின் கடிதம் கிடைத்தது. படித்துக் கண் கலங்கினேன். நீ இவ்வளவு நல்ல பையனா? எனக்குத் தெரியாமல் போயிற்றே!

அப்பாவே எழுதிய பிறகு நான் பிடிவாதம் பிடித்தால் நன்றாக இருக்காது. அனுப்ப வேண்டியதை அப்பாவின் பட்டறைக்கே அனுப்பிவிட்டேன். வேலை அதிகம் என்று எழுதியிருந்தார், பாவம். நீயே போய்க் கேட்டு வாங்கிக்கொள்.

உன்னை முழுதும் அறிந்த,
எலி

———

ஆகஸ்ட் 20

எலிக்கு,

நலம். ரசீதின் பின்பக்கம் எழுதுகிறேன், பென்சில்தான்.

நேற்று உன் அண்ணன் நான் வேலை செய்யும் கட்டடத்துக்கு வந்தான். “அப்பா, எலி ஏதாச்சும் அனுப்பிச்சாளா?” என்றான். “அனுப்பிச்சாளே” என்றேன். “குடுங்க” என்று கை நீட்டினான். “வா, மேல போய்த் தரேன்” என்று லிஃப்டில் ஏற்றினேன். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தி, அவன் அடித்த கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன்.

“இது... இது எப்படிப்பா உங்ககிட்ட?”

“நான் எழுதினதாம். படிச்சுக் காட்டு.”

‘மிகவும் நல்ல பையன்’ வரை வந்தான். காகிதத்தை மடித்துவிட்டான். பிறகு ஏப்ரலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். நாற்பது நிமிஷம். பதினான்காவது மாடியில் ஒரு அம்மாள் பொத்தானை அழுத்தி அழுத்தித் திட்டிக்கொண்டிருந்தார்.

அவன் செய்தது ஒரு தப்பு. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி கட்டச் சொன்னது என் தப்பு. அதற்கு மன்னிப்பு. இரண்டு சுழி, சரிதானே? இந்தப் பருவம் முடிந்ததும் வீட்டுக்கே வந்துவிடு.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலை மூன்றாம் தேதி அம்மாவுக்குத் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் பேசக்கூடாது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். பழைய குரல் அப்படியே வருமா என்று கேட்டேன். டாக்டர் ‘பார்க்கலாம்’ என்றார். உன் படிப்பு கெடும், சொல்லாதீர்கள் என்று சிலேட்டில் எழுதியது அவள்தான்.

கடவுச்சொல்லை நான் கேட்கவில்லை. அது உன்னுடையது.

அப்பா

———

ஆகஸ்ட் 21

எலிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் நேற்று ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக அப்பாவைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

கடையில் இருக்கும் அகராதியைப் பார்த்து எழுதுகிறேன்: மன்னிப்பு. மன்னிப்பு. மன்னிப்பு. மூன்று தடவையும் இரண்டு சுழி. அதையும் டப்பாவில் அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. ஒன்பது தடவை முடிந்தது. பத்தாவதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. அம்மா தினமும் சாயங்காலம் அந்தத் துணி அலமாரியைத் திறந்து, சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறாள்.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்குப் பொத்தானை அழுத்தும் முன் நான் குளியலறைக் கதவைத் தட்டினேன். “எலி, திரையில மூலம், இலக்குன்னு கேக்குது. எது மூலம், எது இலக்கு?” என்றேன். நீ உள்ளேயிருந்து, “மூலம்னா டாக்டர்கிட்ட போ!” என்றாய். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வந்து அழுத்தினேன்.

அது உன் தப்பு இல்லை. இனிமேலும் யாரிடமும் சொல்ல மாட்டேன். எண்ணவோ எழுதத் தோன்றியது.

அண்ணன்

———

ஆகஸ்ட் 29 (விரைவுத் தபால்)

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு இடமில்லை.

உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தக் குளியலறைக் கதவு இல்லை, கவனித்தாயா? மறந்துவிடவில்லை. முதல் நாளிலிருந்தே ஞாபகம் இருக்கிறது. பழிவாங்குகிற கதையில் அது எங்கேயும் பொருந்தவில்லை, அதனால் வெட்டிவிட்டேன். அம்மாவின் இருமலை நீ வெட்டியிருக்க வேண்டியது மாதிரி.

நீ அதை யாரிடமும் சொல்ல மாட்டாயாம். எவ்வளவு பெருந்தன்மை! ஆயுள் முழுக்க அதை வைத்து என்னை ஏவலாம் என்ற கணக்கா? நடக்காது. இதே தபாலில் அப்பாவுக்கும் எழுதிவிட்டேன், குளியலறை, கதவு, மூலம், டாக்டர் எல்லாம். உன் பெருந்தன்மையை நீயே வைத்துக்கொள்.

கடவுச்சொல். எனக்கு ஆறு வயது, உனக்குப் பன்னிரண்டு. காகிதம் வெட்டும் கத்தரியால் என் ஒரு பக்கப் பின்னலை வெட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடினாய். குளியலறைக் கண்ணாடியில் பற்பசையால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டியிருந்தாய்:

எண்ணை மண்ணிச்சிடு எலி

எண்ணெயை எதற்கு மன்னிக்க வேண்டும், அதை எதற்கு மண்ணில் கொட்ட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் பின்னல் போனதே மறந்துவிட்டது. நீ எனக்கு எழுதிய ஒரே மன்னிப்பு அதுதான். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நீதான் மறந்துவிட்டாய்.

அகராதியைத் திறந்த அன்றே நீ தோற்றாய் அண்ணா. இந்தப் பூட்டு தப்பாக எழுதினால்தான் திறக்கும். சுழி குறையாமல் அடி.

பத்துத் தடவைக் கதை பொய். ஆயிரம் தடவை அடித்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நீ பயந்து பயந்து அடிக்க வேண்டும் என்று சொன்னேன். அம்மாவின் பழைய குரல் திரும்ப வராமலே போகலாம் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

‘ஒத்திசை’ பொத்தானைத் தொடாதே, அன்றைக்கு நீ அழுத்தியது அதைத்தான். ‘மீட்டெடு’ என்று இருப்பதை அழுத்து. பழைய டப்பா மூலம். பெரிய டப்பா இலக்கு. இன்னொரு தடவை: பழையது மூலம். டாக்டர் தேவையில்லை.

முடிந்ததும் கொட்டகையை அம்மா பக்கத்தில் இருக்கும்போது திற. கட்டாயம் அம்மா இருக்க வேண்டும்.

எலி

———

செப்டம்பர் 8

எலிக்கு,

எல்லாரும் நலம். நான் மட்டும் அவமானம்.

முதல் அடியிலேயே திறந்தது. மீண்டு வர ஒன்பது மணி நேரம். அப்பா லிஃப்ட் கயிற்றைப் பார்ப்பது மாதிரி திரையில் மெல்ல நீளும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்கு புத்தகமும் வந்துவிட்டன. ஒரு வரி குறையவில்லை.

நீ சொண்ணபடி அம்மாவை உட்கார வைத்துக் கொட்டகையைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள், பதினான்கு புத்தகங்கள், ஒவ்வொன்றின் அட்டையிலும் நான். ஏழு வயதில், தலையில் சோப்பு நுரைக் கொம்போடு, பல் இல்லாமல். கீழே ‘அண்ணன் நடிக்கும்’. கை வைக்கும் முன் காப்பி எடுப்பது தர்மம் என்றாயே, கை வைத்த பிறகு அதே கோப்பின் மேலேயே இன்னொரு காப்பி எடுத்துப் பழசை அழித்திருக்கிறாய். திசை தெரியாதவன் நான் மட்டும் இல்லை.

அம்மா சிரிக்கக்கூடாது. டாக்டர் அதையும் சொல்லியிருக்கிறார். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தாள். மாற்றப் போனேன். சிலேட்டில் எழுதினாள்: ‘தொடாதே. எலி வந்து பாக்கட்டும்.’

பிறகு முதல் புத்தகத்தைப் போட்டேன். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். இருமல் வந்த இடத்தில் மட்டும் என்னைப் பார்த்து இரண்டு விரலால் கத்தரி மாதிரி வெட்டிக் காட்டினாள். ஒன்பது புத்தகம் வெட்டி முடித்துவிட்டேன். மிச்சமும் மாத முடிவுக்குள் நூலகத்துக்குப் போய்விடும்.

கத்தரி என்றதும் ஞாபகம் வருகிறது. பருவம் முடிந்து உன்னை அழைத்து வர அப்பாவோடு நானும் வருகிறேன். உன் பின்னல் இரண்டுக்கும் இப்போதே காப்பி எடுத்து வைத்துக்கொள். கண்ணாடியில் ஒட்ட வேண்டிய காகிதத்தை எழுதித் தயாராக வைத்துவிட்டேன். அகராதி பார்த்து எழுதியது. இந்தத் தடவை பிழை இல்லை.

அண்ணன்